ஐந்து கொடிக்கு ஒரு திண்ணை: பெர்லின் நோர்டிக் தூதரகங்களின் ஃபெலஸ்ஹூஸ்

தூதரகம் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது டோக்கன், வரிசை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சலித்துப்போன ஒரு முகம். வேலை இருந்தால் போவோம். இல்லாவிட்டால் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். பெர்லினில் ஒரு வேலையும் இல்லாமல், விசா விண்ணப்பம் கையில் இல்லாமல், சும்மாவே போய்வரக்கூடிய தூதரகம் ஒன்று இருக்கிறது. சரியாகச் சொன்னால் ஐந்து தூதரகங்கள். டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நோர்டிக், அதாவது வட ஐரோப்பிய, நாடுகளின் தூதரகங்களும் தீர்கார்ட்டன் பூங்காவின் தென்மேற்கு ஓரத்தில், ரௌஹ் தெரு 1ஆம் எண்ணில், ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டடம் உண்டு. ஐந்துக்கும் பொதுவாக முன்பக்கம் ஆறாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபெலஸ்ஹூஸ். பெயருக்கு அர்த்தமே 'பொது வீடு' என்பதுதான்.

கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு தனித்தனியாக இருந்தாலும் திண்ணை ஒன்றுதானே, அந்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகளுக்குள் வெளியாள் போக முடியாது. திண்ணையில் யாரும் உட்காரலாம். கண்காட்சி, கூட்ட அரங்கு, மேலே கேன்டீன், எல்லாம் இந்தத் திண்ணையில்தான். கண்காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் பெர்லினில் அரைநாள் கிடைத்தால் கட்டாயம் போக வேண்டிய இடம். கண்காட்சி சுமாரிலிருந்து மிக நன்று வரை மாறிக்கொண்டே இருக்கும். சாப்பாடு, அலுவலகக் கேன்டீன் தரத்தில் நல்ல சாப்பாடு, அவ்வளவே. ஐஸ்லாந்து என்ற ஒரு நாட்டை மட்டும் தெரிந்துகொள்ளப் போகிறவர் கொஞ்சம் ஏமாறுவார். விசா வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் போயிருக்கவே தேவையில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

போகும் வழி

ஸூலோகிஷர் கார்ட்டன் நிலையத்துக்கு வெளியே 100ஆம் எண் பஸ் நிற்கும். அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, 'நோர்டிஷே போட்ஷாஃப்டன்' என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். நிறுத்தத்துக்கே தூதரகங்களின் பெயர்தான், தவறவிட வழியில்லை. நடந்தால் இருபது நிமிடம். பார்த்து முடித்தபின் அதே 100ஐ அதே திசையில் பிடித்தால் வெற்றித்தூணும் நாடாளுமன்றக் கட்டடமும் வழியிலேயே வரும். சுற்றுலா பஸ்ஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கையில் பாஸ்போர்ட்டோ, ஜெர்மன் குடியிருப்பு அட்டையோ இருக்கட்டும். தூதரக வளாகம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பெரிய முதுகுப்பை, பெட்டி, பயணச் சாமான் எதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிட்டுக் கைவீசிப் போவது நல்லது.

களிம்பு ஏறிய செம்பு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது ஒரு பச்சைச் சுவர். 226 மீட்டர் நீளம், சுமார் 15 மீட்டர் உயரம். ஐந்து தூதரகங்களையும் வளைத்துச் சுற்றிவரும் செம்புப் பட்டை இது. பக்கத்தில் போனால்தான் இது சுவரே இல்லை என்று தெரியும். கிட்டத்தட்ட 4,000 செம்புத் தகடுகளைச் சன்னல் பலகைபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் தகடுகள் மூடியிருக்கும், சில இடங்களில் சாய்ந்து திறந்திருக்கும். பின்னால் அலுவலக அறை இருக்கும் இடங்களில் திறப்பு. உள்ளே இருப்பவருக்கு வெளிச்சமும் மரங்களும் கிடைக்கும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

செம்பு ஏன் பச்சை? நம் வீட்டுச் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் ஏறுகிற களிம்பேதான். வெயிலும் மழையும் பட்டுத் தானாக இந்த நிறம் வரப் பல பத்தாண்டுகள் ஆகும். முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, திட்டுத் திட்டாகப் பச்சை பிடிக்கும். அதுவரை காத்திருக்க மனமில்லாமல், ஆலையிலேயே களிம்பு ஏற்றிய தகடுகளை வாங்கிப் பொருத்தினார்கள். அதனால் திறந்த நாளிலிருந்தே ஒரே சீரான பச்சை. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் பார்ப்பது உத்தமம். நனைந்த தகட்டில் நீலம் தூக்கலாகத் தெரியும். கோடையில் எதிரே இருக்கும் பூங்கா மரங்களின் பச்சையோடு கலந்து சுவரே மறைந்ததுபோல இருக்கும். நவம்பரில் மரமெல்லாம் மொட்டையான பிறகு அந்தத் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே பச்சை இதுதான்.

பட்டையையும் வளாகத்தின் மொத்த அமைப்பையும் ஃபெலஸ்ஹூஸையும் வடிவமைத்தது வியன்னாவின் பெர்கர் - பார்க்கினன் நிறுவனம். 1995இல் நடந்த போட்டியில் வென்றவர்கள். உள்ளே இருக்கும் ஐந்து கட்டடங்களையும் அந்தந்த நாட்டுக் கட்டடக் கலைஞர்களே வரைந்தார்கள்: நார்வேக்கு ஸ்னோஹெட்டா, ஸ்வீடனுக்கு வின்கோர்ட், டென்மார்க்குக்கு நீல்சன், நீல்சன் & நீல்சன், பின்லாந்துக்கு வீவா, ஐஸ்லாந்துக்குப் பால்மர் கிறிஸ்ட்மண்ட்சன். கட்டடங்களை வைத்த இடம் தற்செயல் அல்ல. வரைபடத்தில் எந்த நாடு எந்தப் பக்கமோ, ஏறத்தாழ அந்தப் பக்கத்தில் அதன் தூதரகம். நடுவே ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டிகள், நாடுகளைப் பிரிக்கும் கடல்.

உள்முற்றத்தில் இஷ்டத்துக்கு நடமாட முடியாது என்பதால் வாசல் பக்கமிருந்து பார்க்கும்போதே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. நார்வேயின் முகப்பில் நிற்பது ஒரே கல்லாக வெட்டிய கிரானைட் பலகை. எடை 120 டன். நாட்டிலிருந்தே கொண்டுவந்தது. நம் கோபுர வாசல் நிலைக்கல்லைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் அது சின்னக் கல் இல்லை. பின்லாந்தின் கட்டடம் முழுக்க மெல்லிய மரச்சட்டங்கள் போர்த்தியது; சன்னலுக்கு நேரான பகுதிகள் கதவுபோல மடங்கித் திறக்கும். டென்மார்க்குக்குத் துளையிட்ட உலோகத் தகடு. ஐஸ்லாந்துக்குத் துருச்சிவப்பில் ரயோலைட் எரிமலைக்கல். பச்சைச் செம்புக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு தனியாக எடுத்துக்காட்டும்.

சின்ன நாட்டின் கணக்கு

இந்த ஏற்பாட்டில் யாருக்கு அதிக லாபம்? சந்தேகமில்லாமல் ஐஸ்லாந்துக்கு.

1991 ஜூன் 20 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் 338க்கு 320 என்ற வாக்கில் தலைநகரப் பணிகளை, மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரிலிருந்து பெர்லினுக்கு மாற்ற முடிவு செய்தது. உலக நாடுகளெல்லாம் பெர்லினில் இடம் தேட வேண்டியதாயிற்று. நோர்டிக் நாடுகள் சேர்ந்து ஒரே மனையில் கட்டுவது என்று முடிவெடுத்து, 1999 அக்டோபரில் வளாகத்தைத் திறந்தன. ஸ்வீடனின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். டென்மார்க், பின்லாந்து, நார்வே ஒவ்வொன்றும் அரைக்கோடிக்குச் சற்றுக் கூடுதல். ஐஸ்லாந்து 4 லட்சம்கூட இல்லை. ஆனால் வாசலில் பறக்கும் ஐந்து கொடியும் ஒரே அளவு. ஊர்கூடி இழுக்கும் தேரில் எல்லோருக்கும் வடம் ஒன்றுதான். தேரின்மேல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதே மரியாதை.

தனியாக இருந்தால் அந்த நாட்டுக்கு ஒரு அடுக்குமாடியில் நாலு அறை கிடைத்திருக்கும். கண்காட்சிக் கூடமோ, அரங்கமோ, வாரக் கடைசியில் கதவைத் திறந்துவைக்க ஆளோ கட்டுப்படியாகாது. இங்கே அதெல்லாம் பங்குக்கு வருகிறது. வாஷிங்டனிலும் ஐஸ்லாந்து இதேபோல்தான்: ஸ்வீடன் 2006இல் திறந்த 'ஸ்வீடன் இல்லம்' என்ற கட்டடத்தில் அதன் தூதரகம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை வரைந்தவர்களில் ஒருவர், பெர்லினில் ஸ்வீடன் தூதரகத்தை வரைந்த அதே வின்கோர்ட். பகிர்ந்துகொள்ளும் பழக்கம் காகிதத்திலும் இருக்கிறது. 1962 ஹெல்சிங்கி ஒப்பந்தத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஒரு நோர்டிக் நாட்டுக்குத் தூதரகம் இல்லாத இடத்தில் அதன் குடிமக்களுக்கு மற்ற நோர்டிக் நாட்டு அதிகாரிகள் உதவ வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வசதியாக, பத்துப் பதினைந்து நிமிட நடையில் தீர்கார்ட்டன் தெரு 17இல் இந்தியத் தூதரகம். ராஜஸ்தான் செம்மணற்கல், உள்ளேயே தாகூர் மையம். அங்கே ஒரு பெரிய நாடு தன்னை முழுசாக ஒரு கட்டடத்தில் காட்டப் பார்க்கிறது. ரௌஹ் தெருவில் ஐந்து நாடுகள் தங்களுக்குள் எது பொதுவோ அதை மட்டும் முன்னால் வைக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

கண்காட்சி: நிறையும் குறையும்

கண்காட்சி நேரம் வாரநாட்களில் காலை 10 முதல் மாலை 7 வரை, சனி ஞாயிறுகளில் 11 முதல் 4 வரை. நிரந்தரக் கண்காட்சி கிடையாது என்பதுதான் இங்கே பலர் சறுக்கும் இடம். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொங்கவிடும் இடைவெளியில் கூடம் வெறுமையாக இருக்கும். கிளம்புமுன் வளாகத்தின் இணையதளத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மன் பொதுவிடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் இரண்டிலும் கவனம் தேவை.

விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். பொருள் பார்த்து மகிழும் வகை அருங்காட்சியகம் என்று நினைத்துக் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். புகைப்படம், வடிவமைப்பு, கட்டடக்கலை, கடல், காலநிலை என்ற வட்டத்துக்குள்தான் தலைப்புகள் சுற்றும். காரணம் எளிது. ஐந்து பேர் தலையாட்ட வேண்டிய கண்காட்சியில் ஐவருக்கும் தர்மசங்கடம் தராத தலைப்புதான் தேறும். மரக் கட்டடத்தைப் பற்றி ஐந்து நாடும் பெருமையாகப் பேசலாம். திமிங்கில வேட்டையைப் பற்றியோ, நார்வேயில் காற்றாலை கட்டிய இடம் சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் உரிமையைப் பறித்தது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 2021இல் சொன்னதைப் பற்றியோ அதே தொனியில் பேச முடியுமா? அரசாங்கத் திண்ணையில் அரசாங்கப் பேச்சுதான் நடக்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

ஒரு நாடு மட்டும் நடத்தும் கண்காட்சிகளும் வரும். அவை பெரும்பாலும் ஐவர் கண்காட்சியைவிடக் கூர்மையாக இருக்கும். தேர்வு செய்ய முடிந்தால் அவற்றுக்குப் போங்கள்.

மாலை நிகழ்ச்சிகள்

வாசிப்பு, கலந்துரையாடல், திரைப்படம், சிறு கச்சேரி என மாலையில் நிகழ்ச்சிகள் நடக்கும். பெரும்பாலும் இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். பதிவு இணையத்தில் திறந்த ஒன்றிரண்டு நாளில் நல்ல நிகழ்ச்சிகள் நிரம்பிவிடும். எழுத்தாளர் சந்திப்புகள்தான் முதலில் தீரும். பதிவு செய்தவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். வாசலில் பெயர் சரிபார்க்கும் வரிசை நகரத் தாமதமாகும்.

மொழிதான் தடை. எழுத்தாளர் ஐஸ்லாந்துக்காரராக இருந்தாலும் உரையாடல் ஜெர்மனில், வாசிப்பு ஜெர்மன் மொழிபெயர்ப்பில் என்றுதான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் அமையும். அழைப்பில் நிகழ்ச்சி மொழி போட்டிருக்கும். ஆங்கிலம் என்று தெளிவாக இல்லாவிட்டால் ஜெர்மன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு ஜெர்மன் தெரிந்தவருக்குக் கண்காட்சி பிரச்சினை இல்லை, கலந்துரையாடல் கஷ்டம்.

தேசிய நாட்களைக் குறித்துவைத்துக்கொள்வது இரண்டு வகையில் உதவும்: நார்வே மே 17, டென்மார்க்கின் அரசியல் சாசன நாள் ஜூன் 5, ஸ்வீடன் ஜூன் 6, ஐஸ்லாந்து ஜூன் 17, பின்லாந்து டிசம்பர் 6. அந்த நாளை ஒட்டி நிகழ்ச்சி கிடைக்கலாம்; அதே நாளில் அந்த நாட்டின் அலுவலகம் மூடியிருக்கும். டிசம்பர் 13 ஸ்வீடன்காரர்களின் லூசியா. தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம் வைத்த பெண் முன்னால் வர, வெள்ளை உடையில் பாடிக்கொண்டு வரிசை பின்னால் வரும். நம் கார்த்திகைத் தீபத்துக்குச் சில நாள் முன்பின்னாக வரும், இருட்டுக் காலத்து விளக்குத் திருநாள்.

தூதரகச் சுவருக்கு வெளியே நடப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஐஸ்லாந்துக் குதிரைகளின் உலகப் போட்டி 2013இலும் 2019இலும் பெர்லினின் கார்ல்ஸ்ஹார்ஸ்ட் ஓட்டத்திடலில் நடந்தது. நாட்டை விட்டு வெளியே வந்த குதிரை மறுபடி ஐஸ்லாந்துக்குள் போக முடியாது. நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற சட்டம். அதனால் அங்கிருந்து போட்டிக்கு வரும் குதிரைகள் ஊர் திரும்புவதில்லை, வெளிநாட்டிலேயே விலைபோய்விடும். எத்தனை கண்காட்சி வைத்தாலும் இந்தக் குள்ளக் குதிரை பிடித்துக் கொடுக்கும் கூட்டத்தை ஒரு கலாச்சார அதிகாரி பிடித்துக் கொடுக்க முடியாது. அதைக் குள்ளம் என்று அந்த நாட்டுக்காரர் எதிரில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேன்டீன்

மேல்மாடிக் கேன்டீன் தூதரக ஊழியர்களுக்காக நடப்பது. மதிய உணவுக்கு வெளியாட்களுக்கு 1 மணிக்கு மேல்தான் இடம். சனி ஞாயிறு கிடையாது. 1 மணிக்கு வந்தால் தேர்வு இருக்கும். 2 மணிக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய்ப் பணம் கட்டி, சாப்பிட்டபின் தட்டைத் தாங்கியில் நாமே வைக்கும் முறை. உட்காரும் இடத்திலிருந்து மரங்கள் தெரியும். பெர்லின் நடுவில் இந்த இடத்துக்கு விலை அதிகமில்லை.

ஐஸ்லாந்துச் சமையல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அன்றாடப் பட்டியலில் ஜெர்மன் அலுவலகச் சாப்பாடும், நடுநடுவே வடக்குப் பதார்த்தங்களும் இருக்கும். பட்டியலை வாசிக்கும்போது நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 'ஷ்வைன்' என்றால் பன்றி, 'ரிண்ட்' என்றால் மாடு. ஸ்வீடன் இறைச்சி உருண்டையில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். பெயரை வைத்து ஒன்றை மட்டும் தவிர்க்கப் பார்ப்பது நடக்காது, கேட்டுவிடுவதே மேல். 'கிராவ்லாக்ஸ்' சமைத்த மீன் அல்ல. உப்பும் சர்க்கரையும் சோயிக்கீரையும் தடவி ஓரிரு நாள் குளிரில் ஊறவைத்த பச்சைச் சால்மன். கர்ப்பிணிகள் தொடாமல் விடுவது நல்லது. பின்லாந்தின் சால்மன் சூப் பயமில்லாமல் எடுக்கலாம்: உருளைக்கிழங்கு, லீக், பால் அல்லது கிரீம், சோயிக்கீரை, கொஞ்சம் மிளகு. காரம் எதிர்பார்த்தால் உங்கள் தப்பு.

சைவர்களுக்குக் கண்ணில் பட்டால் விடக்கூடாதது கரேலியப் பை. கோதுமை இனத்து ரை மாவில் மெல்லிய தோல் தட்டி, நடுவில் பாலில் குழைய வேகவைத்த அரிசியை வைத்து, ஓரத்தை விரலால் கொசுவி மடித்துச் சூளையில் சுடுவார்கள். மேலே அவித்த முட்டையும் வெண்ணெயும் மசித்த கலவை. முட்டை வேண்டாதவர் அதைத் தனியாக வைக்கச் சொல்லலாம். குழைந்த பால்சோறு மொறுமொறுப்பான தோலுக்குள் என்றால் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு மட்டும் கூட வேண்டும்.

ஐஸ்லாந்தின் ஸ்கைர் தயிர் மாதிரி இருந்தாலும் தயிர் இல்லை. ஆடை நீக்கிய பாலைப் பழைய ஸ்கைர் கொண்டு உறையூற்றி, மோர்நீரை வடித்துக் கெட்டியாக்கியது. பாரம்பரிய முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளும் சிறிது சேரும். கறாரான சைவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கவும்.

விழா நாளில் யாராவது கறுப்பு மிட்டாயை நீட்டினால் உடனே வாயில் போடாதீர்கள். அதிமதுரத்தோடு நவச்சாரம் சேர்த்தது. ஆம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் காய்ச்சிய பாத்திரத்தில் தூவுகிற அதே நவச்சாரம். பின்லாந்தில் குழந்தைகள் அதைச் சப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறார்கள். முதல் முறை பாதியைக் கடித்துப் பார்த்தால் போதும்.

விசா வேலை

செல்லுபடியாகும் ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தால், 180 நாட்களில் 90 நாள் வரை இந்த ஐந்து நாடுகளுக்கும் சுற்றிப்பார்க்கப் போகத் தனி விசா வேண்டாம். ஐந்தும் ஷெங்கன் என்ற பொது விசா வட்டத்தில் இருக்கின்றன. இதைக் கேட்பதற்காக நேரம் வாங்கிக்கொண்டு தூதரகம் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கும் இடைக்காலச் சான்று மட்டும் கையில் இருப்பவர்கள் பயணத்துக்கு முன் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; எல்லாச் சான்றும் எல்லை தாண்ட உதவாது.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்தும் ஃபாரோ தீவுகளும் ஷெங்கன் அல்ல. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனியாக அனுமதி வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளும் வெளியேதான். ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் அங்கே போய்த் திரும்பும்போது நார்வேக்குள் மறுபடி நுழைய முடியாமல் மாட்டிக்கொள்வார். இருமுறை நுழைவு கேட்டு வாங்க வேண்டும். எந்த நாட்டு விஷயமானாலும் தூதரகப் பிரிவுக்கு முன்பதிவு இல்லாமல் போவதில் பயனில்லை. கண்காட்சிக்குத் திறந்திருக்கும் நேரமும் அந்தப் பிரிவின் நேரமும் வேறு வேறு.

ஐந்தும் ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றுதான். நார்வேயும் ஐஸ்லாந்தும் வெளியே. ஈழத் தமிழர்களுக்கு இந்தப் பிரிவினையைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் இருந்தவை இதே ஐந்து நாடுகள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோர, செப்டம்பரோடு மூன்று நாட்டவரும் கிளம்பினார்கள். 2008 ஜனவரியில் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்வரை மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும்தான். ரௌஹ் தெருவில் ஐந்து கொடியும் ஒன்றாகப் பறப்பதைப் பார்க்கையில் வன்னியிலும் திருகோணமலையிலும் அந்தக் கண்காணிப்புக் குழுவின் வண்டிகளைக் கண்டவர்களுக்கு வேறு நினைவுகள் வரும்.

புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு

ஐஸ்லாந்து உலகுக்கு விற்கும் பண்டங்களில் மீனுக்கு அடுத்தபடி இலக்கியத்தைச் சொல்லலாம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் புத்தகங்கள் வெள்ளமாக வரும் வழக்கத்துக்கே அங்கே தனிப்பெயர் உண்டு. அந்த ஆண்டின் புதிய நூல்களுக்கென்று ஒரு இலவசப் பட்டியலும் வெளியாகும். 1955இல் நோபல் வாங்கிய ஹால்டோர் லக்ஸ்நெஸ் இந்த மொழிக்காரர். 2011இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தையில் ஐஸ்லாந்துதான் விருந்தினர் நாடு. அதே ஆண்டு ரெய்க்யாவிக் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமானது. 2014இல் பின்லாந்துக்கும் 2019இல் நார்வேக்கும் அந்தச் சந்தை விருந்தளித்தது. சின்ன மொழிக்காரர்களுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்புதான் பெரிய உலகின் வாசல் என்பதால் பெர்லின் தூதரகங்கள் எழுத்தாளர் நிகழ்ச்சிகளில் இவ்வளவு மினக்கெடுகின்றன.

தமிழில் மொழிபெயர்க்க நினைக்கும் பதிப்பாளர்கள் உதவித்தொகை கேட்டுத் தூதரகத்துக்கு எழுதுவது வீண் அலைச்சல். பணம் இருக்கும் இடம் வேறு: நார்வேக்கு ஆஸ்லோவில் 'நோர்லா', பின்லாந்துக்கு ஹெல்சிங்கியில் 'ஃபிலி', ஐஸ்லாந்துக்கு ரெய்க்யாவிக்கில் ஐஸ்லாந்து இலக்கிய மையம். விண்ணப்பிக்க வேண்டியது மொழிபெயர்ப்பாளர் அல்ல, பதிப்பாளர். மூல நூலின் உரிமை ஒப்பந்தம், மொழிபெயர்ப்பாளருடன் போட்ட ஒப்பந்தம், அவருடைய தகுதிக் குறிப்பு இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பும் விண்ணப்பம் பெரும்பாலும் முதல் மேசையிலேயே நின்றுவிடும். உரிமை வாங்காமலே மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு உதவி கேட்பதுதான் நம் பக்கம் வழக்கமாக நடக்கும் தவறு. வேலை தொடங்குமுன் கேளுங்கள், கெடு தேதியை அந்தந்த அமைப்பின் தளத்தில் பாருங்கள். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். நோர்லாவின் பணம் நூல் அச்சாகி, பிரதிகள் ஆஸ்லோ போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். காகிதக் கடைக்கும் அச்சகத்துக்கும் அதை நம்பி நாள் சொல்லிவிடாதீர்கள்.